உனக்கு முன்னால் போய் நின்றவள்

சனிக்கிழமை காலை பேரிகைச் சாலைத் திருப்பத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நீ வேலை பார்த்த கறிக்கோழிக் கடையில் வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்தார்கள். நனைந்த இறகும் இரத்தமும் சேர்ந்து வேகிற அந்த நாற்றம் ரோட்டைத் தாண்டி வந்தது. என் முந்தானை தானாக மூக்குக்குப் போய்விட்டது. முதலில் நாற்றத்துக்குக் குமட்டிற்று. அப்புறம் என் கையைப் பார்த்து. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்தக் கைக்கு இன்னும் புத்தி வரவில்லை.

ஒரே லைன் வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம். சிங்காரப்பேட்டையிலிருந்து உன்னை ஓசூருக்குக் கூட்டிவந்த புருஷன் வேறொருத்தியோடு பெங்களூருக்குப் போய்விட, நீ கோழிக்கடையில் கத்தி பிடித்தாய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வேதாகமத்தையும் நம் சபையின் மாதப் பத்திரிகையையும் திரும்பத் திரும்பப் படித்தே எழுதக் கற்றுக்கொண்டேன். அந்தப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்கு நான் உருவகக் கதை எழுதுவது உனக்குப் பெருமை, சிரிப்பும்கூட. குணங்களுக்கெல்லாம் ஆள் உருவம் கொடுத்து மோட்சப் பாதையில் நடக்க விடுகிற கதைகள் அவை.

எதையும் கோடு போட்டு எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு. பாலுக்கு ஒரு நோட்டு, கேஸுக்கு ஒரு நோட்டு. கதைக்கும் அப்படித்தான் செய்தேன். இடது பக்கம் குணம், வலது பக்கம் பொருள். பொறுமை என்றால் ஆமை, விசுவாசம் என்றால் வெள்ளைக் குதிரை, பாவம் என்றால் சேறு. இரண்டு பக்கமும் நிரம்பினால்தான் கதையைத் தொடங்குவேன். ஒருநாள் மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அந்த நோட்டை உனக்குப் படித்துக் காட்டினேன். நீ உள்ளே ஈரல் கழுவிக்கொண்டிருந்தாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

"இது கதையாக்கா, ரேஷன் கடை போர்டா? அரிசி இருப்பு, சக்கரை இருப்புன்னு எழுதி வச்சிருக்கிற" என்றாய்.

"அப்போ எப்படித்தான்டி எழுதறதாம்?"

"எனக்கென்னா தெரியும்? நான் கோழி வெட்டறவ. ஆனா உன் கதையில வர்ற ஒருத்தருமே நாற மாட்டேங்கறாங்க. இயேசப்பா பொறந்தது மாட்டுக் கொட்டாய்ல. அங்க என்னா ஊதுபத்தியா கொளுத்தி வச்சிருந்தாங்க?"

அதற்குள் ஒருவர் கன்னடத்தில் அரைக் கிலோ கேட்டார், இன்னொருத்தி தெலுங்கில் கால் மட்டும் கேட்டாள். இரண்டு பாஷையிலும் பதில் சொல்லியபடி நீ கத்தியைத் தீட்டப் போய்விட்டாய். எனக்குக் கோபம். இவளுக்கு என்ன இலக்கியம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அதற்கடுத்த முதல் ஞாயிறு திருவிருந்து. பக்கத்துச் சபைகளில் திராட்சரசத்துக்கு ஆளுக்கொரு சின்னக் குப்பி வந்துவிட்டது. நம் சபையில் இன்றும் ஒரே பாத்திரம்தான். எட்டு எட்டுப் பேராகப் போய் முழங்கால் படியிட வேண்டும். இடமிருந்து வலமாகப் பாத்திரம் வாய்க்கு வாய் வரும். நீ எழுந்தால் உனக்குப் பின்னால் பெஞ்சு எழாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தி செருப்பைத் தேடுவாள், ஒருத்தி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள். நான் அவர்களைவிடக் கெட்டிக்காரி. பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலைகளை எண்ணி, நீ எத்தனையாவது, நான் எத்தனையாவது என்று கணக்குப் போட்டுவிடுவேன். அன்றைக்குக் கணக்கு தப்பிற்று. நீ எனக்கு முன்னால் நின்றாய். முக்காடு சரிசெய்கிற சாக்கில் ஒதுங்கி, இரண்டே எட்டில் உன்னைத் தாண்டிப் போய் மண்டியிட்டேன். நான் குடித்தேன். பிறகு நீ குடித்தாய். போதகர் எனக்கு ஒருமுறை துடைத்த பாத்திரத்தின் விளிம்பை உனக்கு அப்புறம் இரண்டு முறை துடைத்தார். அதையும் எண்ணினேன்.

திரும்பி நடந்து வரும்போது நீதான் ஆரம்பித்தாய்.

"ஏக்கா, ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சிட்டியா?"

"என்னடி உளர்ற?"

"என் வாய்ல கோழி இருக்குதுன்னு பயந்துட்ட போல. மூணு தடவ சோப்பு போட்டுக் குளிச்சிட்டுதான் வந்தேன்." அப்புறம், "கதை வரல, கதை வரலன்னு பொலம்பிகினு இருந்தியே. இதோ கெடக்குது. எடுத்துக்க" என்றாய்.

எடுத்துக்கொண்டேன். கோடு போடாமல் எழுதிய முதல் கதை அது. நறுமணபுரி என்றொரு பட்டணம். அங்கே தூய்மையம்மாள், மரியாதையம்மாள், நற்பெயராள் எல்லோரும் பன்னீரில் குளித்து ராஜாவுக்காகக் காத்திருக்கிறார்கள். ராஜா ஆடு வெட்டுகிற ஆட்டுத்தொட்டித் தெரு வழியாக, உடுப்பெல்லாம் இரத்தமாக, ஒரு வேலைக்காரியோடு வருகிறார். கையிலிருக்கும் பாத்திரத்தை நீட்டுகிறார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ராஜா எப்போது வருவார் என்று அவரிடமே கேட்கிறார்கள்.

அதைப் படித்துக் காட்ட வந்தபோது நீ நோயில் படுத்த படுக்கையாக இருந்தாய். வயிற்றில் கஞ்சி தங்காத நாட்கள். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாய்.

"நல்லாருக்குது. இப்பதான் நாறுது" என்றாய். பிறகு, "இதுல நீ எங்கக்கா?"

"நானா? நான் எழுதறவ."

"அதான் கேக்கறன். போதகரம்மா இருக்காங்க. மேஸ்திரி சம்சாரம் இருக்காங்க. பேர மாத்துனா தெரியாதா? எனக்கு முன்னாடி ஓடுனவள மட்டும் காணோமே."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. எட்டாம் நாள் நீயும் இல்லை.

உன் அடக்க ஆராதனைக்கு மொத்தச் சபையும் வந்தது. உன் பக்கத்தில் உட்காராதவர்கள் எல்லாம் பெட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி உன்மேல் சென்ட் அடித்தாள். இரண்டு பாட்டில் காலி. நீ உயிரோடிருந்தபோது உனக்கு ஒரு பவுடர் டப்பா வாங்கித் தராத கைகள். மல்லிகை சென்ட்டும் ரோஜா சென்ட்டும் கலந்து, வெயிலில், கோழிக்கடையே தேவலாம் என்றாயிற்று. அந்தப் பாட்டிலை என்னிடமும் நீட்டினார்கள். நானும் அடித்தேன். எல்லாரும் பார்க்கிறார்களே என்று அடித்தேன்.

போன மாதம் போதகரம்மா கூப்பிட்டு அனுப்பினார்கள். பெண்கள் பக்கம் அவர்கள் பொறுப்பில்தான் வருகிறது. "சிஸ்டர், அவங்க ஞாபகமா ஒரு உருவகக் கதை எழுதிக் குடுங்களேன். முள்ளுக்குள்ள ஒரு லீலிப்பூ, அந்த மாதிரி" என்றார்கள். முகத்தில் அத்தனை கனிவு. லீலிப்பூவாம்! விரலிடுக்கில் இரத்தம் காய்ந்து, கடைக்காரனை அவன் பாஷையிலேயே திட்டுகிற உன்னைப் பூவாக்கி, முகர்ந்து பார்த்து மூடிவைக்க வேண்டுமாம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நறுமணபுரி நோட்டை எடுத்தேன்.

ஒரு ஆளைச் சேர்த்தேன். ராஜா பாத்திரத்தை நீட்டும்போது, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் வேலைக்காரியின் வாய் படுவதற்குள் தன் வாய் படவேண்டும் என்று முண்டியடித்து ஓடிவருகிறவள். மற்ற எல்லோருக்கும் குணத்தின் பெயர். இவளுக்கு மட்டும் என் பெயர், ஆதார் அட்டையில் உள்ளபடி. அதை எழுதிய பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். என்ன கழுவினேன் என்று தெரியவில்லை.

போதகரம்மா நின்றபடியே படித்தார்கள். முந்தானை நுனி அவர்கள் மூக்கருகே போனது. அது பழக்கமாக இருக்கலாம்.

"நல்லா வந்திருக்கு சிஸ்டர். பேர் மட்டும் வேணாம். சுயநலத்தாள்னு ஏதாவது போட்டுடலாம். நாலு வீட்ல படிக்கறாங்க, நம்ம பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கே அசிங்கம் பாருங்க."

"அந்தப் பேரை எடுத்தா கதை இல்லைங்கம்மா."

"பிடிவாதம் பண்ணாதீங்க. மாத்திட்டா இந்த மாசமே போட்டுடறேன்."

நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தாள்களைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "ஸ்தோத்திரங்கம்மா" என்று சொல்லி வந்துவிட்டேன். பதினோரு வருஷம் நான் எழுதிய பக்கத்தில் இந்த மாதம் கேக் செய்முறை வந்திருக்கிறது.

நேற்று திருவிருந்து. தலைகளை எண்ணக்கூடாது என்று வேண்டிக்கொண்டே எண்ணினேன். எனக்கு முந்தி, இடப்பக்கம் மண்டியிட்டவள் புதிதாக வந்த ஒரு பெண். நகக்கண்ணில் ஏதோ கம்பெனியின் கருப்பு எண்ணெய். நான் தாண்டிப் போகவில்லை. பாத்திரம் அவளிடமிருந்து என்னிடம் வந்தது. கர்த்தருடைய இரத்தம் என்று போதகர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் உதடு அந்த விளிம்பில் அவள் வாய் படாத இடத்தைத் தேடிற்று. தேடிக் கண்டுபிடித்து, அங்கேதான் குடித்தது.