பதின்மூன்று வினாடி

மார்ச் 4

அதிர்வலை கொடுத்துச் சிறுநீரகக் கல்லை உடைக்கும் அறையிலிருந்து என் லேபுக்கு இன்றும் ஆறு குழாய்களில் ரத்தம் வந்தது. கல் டாக்டர் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். அதிர்வுக்கு முன்பு, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என்று மூன்று முறை ரத்தம் எடுத்து, உறைகிற நேரம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பது நான். முப்பது பேர் முடிந்தது. முப்பத்தொன்றாவது ஆள் என் அண்ணன். தண்ணீர் குடிக்காமல் பஸ் ஓட்டி ஓட்டிச் சேர்த்த சொத்து, இடது சிறுநீரகத்தில்.

மார்ச் 6

அண்ணனின் முதல் குழாய் பதின்மூன்று வினாடியில் உறைந்தது. கச்சிதம். அந்தத் தாளை நானே மாடிக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன். அண்ணி பயந்துபோய் இருந்தாள். "நான் பாத்துட்டேன் அண்ணி, ஒண்ணும் ஆகாது" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

மார்ச் 7

நேற்று கல்லை உடைத்தார்கள். காலையிலிருந்து அண்ணனுக்கு இடுப்பில் வலி. கல் துகள் இறங்குகிறது என்றார்கள். மத்தியானம் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஸ்கேனில் பார்த்தால் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறது, இன்னும் கசிகிறது. டாக்டர் கீழே வந்து, "உங்க ரிப்போர்ட் சரிதானே?" என்றார். சோதனையை மறுபடி செய்தேன். பதினான்கு. சரிதான். பிறகு ஏன்?

மாலை நான்கு மணி

பேனா தேடிக் கைப்பையைத் துழாவினேன். ஆஸ்பிரின் அட்டை. பத்தில் இரண்டுதான் பாக்கி. போன வாரம் வலிக்குதுன்னு அண்ணன் கேட்டபோதெல்லாம் நான்தானே கொடுத்தேன்!

ரத்தக் கசிவை அடைக்கிற தட்டணுக்களை முடக்கிப்போடும் மாத்திரை. என் குழாய்ச் சோதனையில் அது தெரியவே தெரியாது. போன மாதம்தான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் பாடம் எடுத்தேன். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களா?" என்று நர்ஸ் கேட்டபோது அண்ணன் இல்லை என்றான். அவனுக்கு அது தலைவலி மாத்திரை. பக்கத்திலேயே நின்னேனே, என் புத்தி எங்கே போச்சு?

சொன்னால் வேலை போகலாம். அண்ணி என் முகத்தில் முழிக்க மாட்டாள். அங்கே அவன் ரத்தம் கசியுது, இங்கே உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன். நானெல்லாம் ஒரு ஜென்மமா — போறேன்.

மார்ச் 8

நேற்றே சொல்லிவிட்டேன், அண்ணியை வைத்துக்கொண்டே. டாக்டர் உடனே போனில் தட்டணு இரண்டு பை கேட்டார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா கல்லைத் தொட்டிருக்கவே மாட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம். அண்ணி எழுந்து வெளியே போய்விட்டாள்.

மார்ச் 9

கசிவு நின்றது.

மார்ச் 15

அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தக்கட்டு கரைய மாதக்கணக்காகுமாம். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. "எனக்கு லீவு வாங்கிக் குடுத்த ஒரே ஆள் நீதான்" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி அறையை விட்டு வெளியே வரவில்லை.

மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் தன் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்: "வலிக்கென்று வீட்டில் யாராவது மாத்திரை கொடுத்தார்களா?"

ஏப்ரல் 20

அண்ணனைப் பார்க்கப் போனேன். அவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆறு வாரமாக என்னிடம் பேசாத அண்ணி, மருந்துச் சீட்டையும் மூன்று அட்டைகளையும் என் முன்னால் வைத்தாள்.

"படிச்சுப் பாரு. நீ பாக்காம அவருக்கு எதுவும் குடுக்க மாட்டேன்."

ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன்.