தையலுக்கு விடாத ஐம்பத்தைந்து நிமிடம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
மகளிர், சிறுவர் தையலகம்,
மருந்துக்கடை மாடி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
விமான நிலையம்.

பொருள்: அக்கரை நகருக்கும் இந்நகருக்கும் இடையே பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் எனத் தங்கள் நிலையம் அச்சிட்டு வழங்கியது – அதனால் என் அக்கா ஊர் திரும்ப மறுப்பது – மெய்யான நேரத்தை முத்திரையிட்டு எழுதித் தரக் கோருவது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளி வாசலை மிதித்தவள் அல்லள். துணி சுற்றி வந்த செய்தித்தாள்களைப் படித்தே எழுத்தறிந்தேன். இம்மனுவில் பிழை காணப்படின் அது அத்தாள்களையே சாரும்.

2. பதினொரு ஆண்டுகள் அழைத்தும் விமானத்திற்கு அஞ்சி வராதிருந்த என் அக்கா, "நானூற்றெண்பது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம்" என்ற தங்கள் துண்டறிக்கையை நான் தொலைபேசியில் வாசித்த பின்னரே இசைந்தார். அவர் என் சொல்லை நம்பி ஏறினார். நான் தங்கள் சொல்லை நம்பிச் சொன்னேன்.

3. விமானக் கதவு மூடியதும், அடுப்படியில் பயன்படுத்தும் மணிக் கடிகாரத்தை ஐம்பத்தைந்துக்கு முறுக்கி மடியில் வைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டார். மணி அடித்தது. நேரம் முடிந்ததென எழுந்து பையை எடுத்தார். அவரைக் கண்டு மேலும் ஆறு பேர் எழுந்து பை எடுத்தனர். சன்னலுக்கு வெளியே கடல் மட்டுமே இருந்தது. விமானி ஒலிபெருக்கியில் வேண்டிக்கொண்ட பிறகே எழுவரும் அமர்ந்தனர்.

4. விமானம் தரையிறங்க மேலும் இருபத்தேழு நிமிடங்கள் ஆயின. அந்நேரம் முழுவதும் விமானி வழி தெரியாமல் அலைந்தார் என்பது அக்காவின் துணிபு. வாசலில் என்னைக் கண்டதும் அவர் கூறியதை மாற்றாமல் தருகிறேன்: "ஏண்டி, என்னைக் கடல்ல தள்ளத்தான் கூப்பிட்டியா?"

5. விசாரித்தபோது தங்கள் தகவல் மேசை ஊழியர், "அது பறக்குற நேரம் மட்டும்தாம்மா. தரையில உருள்றது, மேல சுத்துறதெல்லாம் சேராது" என்றார். ஐயா, முப்பது ஆண்டுகளாகத் துணி வெட்டுகிறேன். உடலளவை மட்டும் எடுத்து, தையலுக்கு அரை அங்குலம் விடாமல் வெட்டினால், அச்சட்டை எவர் தோளிலும் ஏறாது. தாங்கள் தையலுக்கு விடாமல் நேரத்தை வெட்டியுள்ளீர்கள்.

6. திரும்பும் பயணத்திற்கு அதே தூரம், ஆனால் அறுபத்தைந்து நிமிடம் என அத்துண்டறிக்கையே கூறுகிறது. எதிர்காற்று என்றார் ஊழியர். "நனைஞ்சா துணி சுருங்கும், காத்தடிச்சா கடல் நீளுமா?" என்று அக்கா கேட்கிறார். அக்கேள்வியைத் தங்களுக்கே அனுப்புகிறேன்.

7. நிற்க. அத்தானுக்கு இருபத்திரண்டாம் தேதி கண் அறுவைச் சிகிச்சை. அக்கா கையைப் பிடிக்காமல் மருத்துவமனைப் படியேற மாட்டேன் என்கிறார் அவர். அதிகாரி கைப்பட நேரம் எழுதித் தராமல் விமானப் படியேற மாட்டேன் என்கிறார் இவர். இடையே கடல், கப்பலும் இல்லை. இருவருக்கும் நடுவில் தொலைபேசியைப் பிடித்தபடி நான் நிற்கிறேன்.

ஆதலால், கதவு மூடுவது முதல் திறப்பது வரையிலான நேரத்தைப் பத்தொன்பதாம் தேதிக்குள் எழுதி, முத்திரையிட்டு வழங்குமாறு வேண்டுகிறேன். எண்ணைத் தாராளமாக எழுதுங்கள். முன்னதாக இறங்கிவிட்டால் புகார் அளிக்க மாட்டோம் என அக்காவும் நானும் உறுதி கூறுகிறோம்.

நாள்: பதின்மூன்றாம் தேதி
இடம்: கடை, வெட்டும் மேசை

இப்படிக்கு,
தங்கள் எண்ணை எதிர்நோக்கும்
(கையொப்பம்)
தையலக உரிமையாளர்

இணைப்பு: துண்டறிக்கை ஒன்று. மணிக் கடிகாரம் இணைக்கப்படவில்லை. தங்கள் பதில் வந்ததும் முறுக்குவதற்காக அக்கா கையிலேயே வைத்திருக்கிறார்.