தட்டுச் சத்தம்

பிப்ரவரி 9

வெளிநாட்டிலிருந்து படம் எடுக்க வந்திருக்கிறார்கள். நாம் எப்படி வாழ்கிறோம் என்று உலகத்துக்குக் காட்டப் போகிறார்களாம். காலையில் மருந்துக் கடைக்கு வேலைக்குக் கிளம்பினால் மாடிப்படியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "கொஞ்சம் சிரிக்காம இறங்குங்கக்கா" என்கிறான் மொழிபெயர்க்க வந்தவன். அவன் நம்மாள்தான். என் வீட்டுப் படியில் எந்த மூஞ்சியோடு இறங்குவது என்று இவனைக் கேட்க வேண்டுமா?

பிப்ரவரி 10

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் பார்த்தது வழக்கம்போல என் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு வந்ததும் அவளுக்கு அதுதான் வேலை. படிக்கட்டில் நின்று தட்டைக் கரண்டியால் தட்டினாள். கேட்டவர்களும் தங்கள் தட்டைத் தட்ட, மேல்மாடிவரை சேதி போய்விட்டது. இந்தக் கட்டடத்தில் என்றைக்கும் இப்படித்தான்.

மூன்றாம் மாடித் தையல்காரி மோட்டாரைப் போட்டு மொத்தத்தையும் உறிஞ்சப் பார்த்தாள். "மோட்டார நிறுத்துடி! நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?" என்று கையை ஓங்கிக்கொண்டு கத்தினாள் நாத்தனார். கேமராக்காரன் அவள் முகத்துக்கு நேரே நின்றான். திட்டு வாங்கிய தையல்காரிக்கே சிரிப்பு.

பிப்ரவரி 27

கடையில் யாரோ அந்தப் படத்தைப் போனில் காட்டினார்கள். தட்டுச் சத்தம், ஓங்கிய கை, என் நாத்தனார் முகம். கீழே எழுத்தில், 'நாங்கள் மனிதர்கள் இல்லையா?' மோட்டாரை மட்டும் வெட்டிவிட்டான் பாவி! அரசாங்கத்தை எதிர்த்துப் பெண்கள் பொங்கி எழுந்துவிட்டார்களாம்.

தையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் நாத்தனார் புரட்சி பண்ணிட்டாளாமே! அப்ப நான் யாரு, சர்வாதிகாரியா?" நானும் சிரித்தேன், புத்தி கெட்டவள்.

மார்ச் 2

அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர். "யார் சொல்லித் தட்டினீங்க?"

குழாய் சொல்லிச்சு என்று வாய்வரை வந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். குழாயைக் காட்டினேன், தொட்டியைக் காட்டினேன், நசுங்கிப்போன தட்டைக்கூடக் காட்டினேன். "தண்ணி வந்தா சந்தோஷப்படணும், எதுக்குக் கத்தணும்?" என்றான் ஒருவன். அவன் வீட்டில் தண்ணீர் எப்போதும் வரும்போலிருக்கிறது.

விசாரணை முடியும்வரை பள்ளிக்கூடம் பக்கம் வராதே என்று தலைமையாசிரியை நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள்.

மார்ச் 3

மொழிபெயர்ப்பவனுக்குப் போன் போட்டேன்.

"நல்ல எண்ணத்துலதான் போட்டாங்கக்கா. அங்க எல்லாரும் உங்களுக்காக அழுறாங்க."

அழட்டுமே! அழுதால் இவள் வேலை திரும்பி வந்துடுமா? தட்டு எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? நீ தட்டாத வீட்டிலா பிறந்தே? கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. போனை வைத்துவிட்டான்.

மார்ச் 6

தண்ணீர் வந்தது. ஒருத்தரும் தட்டவில்லை. படுக்கையாகக் கிடக்கும் மேல்மாடி அம்மாவுக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. தையல்காரிதான் முனகிக்கொண்டே ஒரு வாளி சுமந்து போனாள்.

"கொஞ்ச நாளைக்குச் சத்தம் போடாம இருப்போம்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க என்னைக்குப் போட்டீங்க?" என்றேன். சாப்பிடாமல் எழுந்து போனார். போகட்டும்.

மார்ச் 12

விசாரணை முடிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தூண்டிவிட்டுத்தான் தட்டினேன் என்று நாத்தனார் அரசாங்க டிவியில் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்குமாம்.

"தண்ணி வந்துச்சுன்னு தட்டினேன். அதைச் சொல்றேன், படம் எடுத்துக்கங்க" என்றிருக்கிறாள்.

அது வேண்டாமாம். வேலை போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படம் எடுத்தவனுக்கும் தண்ணீர் வேண்டாம், அரசாங்கத்துக்கும் வேண்டாம். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 15

சாயங்காலம் படிக்கட்டில் தட்டுச் சத்தம். வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினேன். திருகினால் வெறும் காற்று. வெளியே வந்தேன். நாத்தனார் நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எங்கடி?"

"வரல அண்ணி."

தட்டுவதை நிறுத்தவில்லை. மேலே கதவுகள் திறந்தன. அவரவர் வாளியோடு எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் வரவில்லை என்று அவர்களுக்கும் புரிந்தது. யாரும் உள்ளே போகவில்லை. முதலில் தையல்காரி தட்ட ஆரம்பித்தாள்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தட்டை எடுத்துவந்தேன்.