எலியோ சித்தப்பா முகமூடி போட்டு வந்த நாள்

பொத்லாக்
பிப்ரவரி 20, 1983

அன்பு மகள் நீவெஸுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். இங்கே பனி இன்னும் உருகவில்லை, அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஊராட்சி அலுவலகத்தில் எனக்கு வரவேண்டிய செயலர் பதவியைச் சமவெளிக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதை விடு. ஆகஸ்டில் வந்து நம் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுக்கப்போவதாகவும், ஞானத்தந்தையாக நிற்க எலியோ சித்தப்பாவைக் கேட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. என் தம்பி எல்லைச் சாவடியில் சுங்கக்காரனாக இருந்தபோது என்ன செய்தான் என்று உனக்குத் தெரியும். எல்லைக்கு அப்பால் மலிவாக இறைச்சி வாங்கிக்கொண்டு வந்த உன் பாட்டியின் பையை, பெற்ற தாயின் பையை, வரிசையில் எல்லாரும் பார்க்கப் பிரித்து இறைச்சியைப் பிடுங்கிக்கொண்டான். மேலதிகாரி பக்கத்தில் நின்றான் என்று சொன்னான். நான் ஏற்கவில்லை, அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

போன செவ்வாய் முகமூடித் திருநாள். வழக்கம்போல ஆட்கள் கந்தல் உடையும் மரமுகமும் மாட்டுமணியுமாக வீடு வீடாக வந்தார்கள். நம் வீட்டிலும் அக்கம்பக்கத்தார் நிறைந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் அடுப்போரம் ஒதுங்கி நின்றான். கால் பூட்ஸைப் பார்த்ததும் எலியோவின் மகன் லூச்சோ என்று முடிவுகட்டிவிட்டேன். முகமூடி பேசக்கூடாது, ஆள் யாரென்று சரியாகச் சொல்லும்வரை வீட்டுக்காரன் சீண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதானே விளையாட்டு. “என்னடா லூச்சோ, உங்கப்பன் வரலையா? தைரியமா வரச்சொல்லு, எங்க தொத்திறைச்சிக்கு வரி கட்டியாச்சு” என்றேன். வீடே சிரித்தது. அந்த முகமூடியின் தோளும் சிரிப்பில் குலுங்கியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பியரீனா அக்கா, “வலந்தின், போதும்டா, திருநாளும் அதுவுமா” என்றாள். ஒயின் உள்ளே போயிருந்தது, என் வாய் நிற்கவில்லை. “பெத்தவ பையப் பிரிச்ச கையாலயா என் பேரப்பிள்ளையத் தூக்கப்போறான்? முதல்ல அந்தக் கையக் கழுவிட்டு வரச்சொல்லு உங்கப்பன!” என்று கத்தினேன்.

அவன் மரமுகத்தைக் கழற்றினான். எலியோ. நான் உடனே கண்டுபிடிக்காமலிருக்க மகனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சரியாகப் பெயர் சொல்லிவிட்டால் முகத்தைக் கழற்றி என்னோடு ஒரு கோப்பை குடித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம் என்று எண்ணியிருக்கிறான், இதைப் பிறகு அம்மா சொன்னாள். அவன் வரப்போவது அவளுக்கு முன்பே தெரியும். அவன் நேரே தொட்டிக்குப் போனான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து நிதானமாகக் கழுவினான். நம் துண்டிலேயே துடைத்தான். “கழுவிட்டேண்ணே” என்றான். வேறொன்றும் சொல்லாமல் பனியில் இறங்கிப் போய்விட்டான். ஒயின் ஜாடியைப் பிடித்தபடி நான் நின்றேன். ஊற்றவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

மகளே, படித்தவன் என்று இந்த ஊரில் எல்லாரையும் எடைபோட்டவன் நான். இப்போது ரொட்டி வாங்கப் போனாலும் தலை குனிந்துதான் போகிறேன். வெள்ளிக்கிழமை எலியோ குடியிருக்கும் செதாத்துக்குப் பேருந்தில் போய் அவன் வீட்டு மணியை அடித்தேன். அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, “அவர் தூங்குறாரு மச்சான்” என்றாள். உள்ளே அவன் இருமுவது கேட்டது. மன்னிப்பு என்ற சொல்லை அவளிடம் சொல்லிவிட்டு வர எனக்கு வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

அதனால் நீ அவனுக்கு எழுது. எனக்காகப் பரிந்து எழுதாதே, உன் பிள்ளைக்காக எழுது. அவனைத் தவிர வேறு யாரையும் கேட்காதே. அண்ணன் இருந்தால் வரமாட்டேன் என்று அவன் சொன்னால் சரி என்று ஒத்துக்கொள். அன்று நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போங்கள், நான் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன். பிள்ளையை அவன் தூக்கட்டும்.

கனமானது எதையும் தூக்காதே, ஈரத்தில் நடக்காதே. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். எலியோவுக்கு இன்றே எழுது, தள்ளிப்போடாதே.

உன் அப்பா
வலந்தின்