எழுதாமல் விட்ட சொல்

1932 மார்ச் 3, வியாழன்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும் — யாரிடம் கேட்கிறேன், இந்த நோட்டுப் புத்தகத்திடமா? பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஒரு மணி நேரம் என் தோளில் கிடந்து கத்தியவள், ஆயா வடிவம்மாள் வந்து வாங்கியதும் அடங்கிப்போனாள். "பசி இல்லம்மா, புள்ளைக்குக் காத்து வேணும்" என்றாள். பெற்ற எனக்கு அது தெரியாதா?

பத்தாம் தேதியோடு அவள் போகிறாள். என் வீட்டுக்காரருடைய ஆபீஸில் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள்; இனி ஆயா வைத்துக்கொள்ள வழியில்லை. வேறு இடம் தேட ஒரு சூராட், அதாவது நற்சான்றுக் கடிதம், எழுதித் தரச் சொன்னாள். பழைய எஜமானி எழுதிய அந்த இங்கிலீஷ் கடிதம் இல்லாமல் பினாங்கில் எந்த வெள்ளைக்கார வீட்டுப் படியும் ஏற முடியாது. வேலை கிடைக்காவிட்டால் சர்க்காரில் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். மகள் லெட்சுமி தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறாள், ஆறு மாதக் கர்ப்பம். வேலையில்லாத ஆளைத் தோட்டத்து லய வீடுகளில் தங்க விடமாட்டார்களாம்.

"பேரப்புள்ளையக் கையில வாங்காம நான் கப்பலேற மாட்டேம்மா" என்கிறாள்.

மார்ச் 7, திங்கள்

பாப்பாவின் கொலுசு ஒன்றைக் காணவில்லை. தொட்டில், மெத்தை, குளியலறை, எங்கும் இல்லை. வடிவம்மாளிடம் கேட்கவில்லை.

மார்ச் 9, புதன்

சூராட் எழுதினேன். நல்ல தாள், கல்லூரிக் கையெழுத்து. குணங்களின் பெயர்களுக்கென்று எங்கள் இங்கிலீஷ் டீச்சர் தனி நோட்டு போடச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் பொருள், எதிர்ப்பதம், ஒரு வாக்கியம். மதராஸில் அந்த நோட்டுக்கு எனக்குப் பரிசுகூடக் கிடைத்தது.

பேஷன்ஸ் போட்டேன். பொறுமை, சந்தேகமே இல்லை. கைண்ட்னெஸ் போட்டேன். அதை 'அன்பு' என்றால் போதாது. அன்பு உள்ளே இருப்பது, இது கைக்கு வந்துவிட்ட அன்பு. அதுவும் அவளுக்கு உண்டு. பங்க்சுவாலிட்டி. சோப்ரைட்டி — குடிக்காமல் இருப்பது மட்டுமல்ல, நிதானமும்கூட.

ஆனஸ்டி, நேர்மை? அதைப் போடவில்லை. பொய்யும் எழுதவில்லை, பழியும் சொல்லவில்லை. கொலுசைப் பற்றி வாய் திறக்காமலே முடித்துவிட்டேன். இதற்குத்தான் டாக்ட் என்று பெயர். யாரையும் புண்படுத்தாமல் நாசூக்காகச் சமாளிப்பது; தமிழில் ஒரே சொல்லில் வராது.

மார்ச் 10

போய்விட்டாள். பாப்பா வாசலையே பார்க்கிறாள்.

மார்ச் 15, செவ்வாய்

சாப்பிடும்போது அவர் கேட்டார்: "கொலுசைப் பத்தர் கொண்டாந்து கொடுத்துட்டானா?"

எந்தக் கொலுசு என்றேன்.

"பாப்பாவோடதுதான். திருகாணி கழண்டு கிடந்துச்சு, போன வாரம் நான்தானே கொடுத்தேன். சொல்லலையா நான்?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருத்தரையும் கேட்கவில்லை. அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்...

"ஏன் சோத்தை அளைஞ்சுகிட்டே இருக்கே?"

"ஒன்னுமில்லைங்க."

மார்ச் 17, வியாழன்

வடிவம்மாள் வந்தாள். இதுவரை மூன்று வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். பாப்பா என் இடுப்பிலிருந்து அப்படியே அவளிடம் தாவினாள்.

"நார்தாம் ரோட்டு வெள்ளைக்கார மெம்முக்கு என்னையப் புடிச்சிருந்துச்சும்மா. அவங்க புள்ளையே வந்து என் மடியில உக்காந்துச்சு. அப்புறம் சூராட்ட ரெண்டு தடவ படிச்சாங்க. பழைய வீட்டுல ஏதாச்சும் காணாமப் போச்சான்னு கேட்டாங்க. ஏம்மா அப்படிக் கேக்கணும்?"

தெரியவில்லையே என்றேன்.

"நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீங்க. வெத்தல போட்ட இந்தப் பல்லப் பாத்து ரத்தக்காட்டேரின்னு பயந்துட்டாங்களோ என்னமோ!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

மார்ச் 18

நான் முழு உண்மையை எழுதவில்லை. ஒன்பதாம் தேதியும் எழுதவில்லை. இந்த நோட்டிடம்கூடவா மறைக்க வேண்டும்?

அன்று அவள் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "கை சுத்தம்னு போடுங்கம்மா. அதத்தான் மொதல்ல தேடுவாங்க." போட்டுவிட்டேன் என்றேன். எழுத்துத் தெரியாதவள் தாளைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த ஒரு சொல் இல்லாத சூராட்டை எப்படி வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீஸில் ஆள் எடுக்கும் துரை இல்லாத சொல்லைத்தான் முதலில் படிப்பார் என்று என் வீட்டுக்காரரே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் விட்டேன்.

கொலுசுக்காகவா? கொலுசு ஒரு சாக்கு. பாப்பா அவளிடம் அடங்கினாள், என்னிடம் அடங்கவில்லை. அவ்வளவுதான். என்வி, ஜெலஸி, இரண்டுக்கும் வித்தியாசம் எழுதியவள் நான். பிறத்தியாரிடம் இருப்பதற்கு ஏங்குவது ஒன்று, தன்னுடையது கைவிட்டுப் போகுமோ என்று பயப்படுவது இன்னொன்று. எனக்கு இரண்டும் இருந்தன. நோட்டில் பொருள் எழுதத் தெரிந்தது. என்னிடம் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. டாக்ட் என்று எழுதினேனே, அது கோழைத்தனம்.

மார்ச் 21, திங்கள்

வேறு சூராட் எழுதினேன். முதல் வரியிலேயே ஆனஸ்டி. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரிக்ஷாவில் நார்தாம் ரோட்டுக்குப் போனேன். மெம் மரியாதையாக உட்காரச் சொன்னார். இரண்டு தாள்களும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன்.

"அதை மட்டும் யாரும் மறப்பதில்லையே" என்றார்.

சனிக்கிழமையே ஒரு சீன ஆயாவை வைத்துவிட்டாராம்.

மார்ச் 26, சனி

கப்பலுக்குக் காத்திருக்கும் தோட்டத்து ஆட்களின் கொட்டகையில் வடிவம்மாளைக் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை ஏற்றுகிறார்கள். மருமகனுக்கு லீவு இல்லையாம். லெட்சுமி தனியாக வரக் கூடாதென்று இவளே சொல்லி அனுப்பிவிட்டாளாம். புதுத் தாளைக் கொடுத்தேன்.

"இதுல என்னம்மா புதுசா இருக்கு? பழசுல என்ன கொற?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். சுற்றிலும் ஆட்கள், மூட்டைகள், அழும் குழந்தைகள். அவள் கை பாப்பாவின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

"பழசு கசங்கிப் போயிருக்குமேன்னு..." என்றேன்.

"அதுவும் இருக்கட்டும்மா. ரெண்டு இருந்தா ரெண்டு வீட்டுல காட்டலாம்லா."

இரண்டையும் சேர்த்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மார்ச் 28

கப்பல் போய்விட்டது.

ஏப்ரல் 12, செவ்வாய்

லெட்சுமியின் வீட்டுக்காரருக்கு எழுதி ஊர் விலாசம் வாங்கினேன். நேற்று என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ல யாராவதுதான் சத்தமா வாசிக்கணும். உன் மானம்தான் போகும், யோசிச்சுக்கோ" என்றார்.

யோசித்துவிட்டேன். இன்று தபாலில் போட்ட கடிதத்தின் நகல்:

வடிவம்மாள் அக்காவுக்கு,

இதை வாசித்துக் காட்டுகிறவர் ஒரு வரியையும் விடாமல் வாசிக்கட்டும். பக்கத்தில் யார் இருந்தாலும் இருக்கட்டும்.

நீங்கள் கை சுத்தமானவர். என் குழந்தையின் கொலுசு காணாமல் போனபோது உங்களைச் சந்தேகப்பட்டேன். உங்களிடம் கேட்காமலே, நீங்கள் போடச் சொன்ன அந்தச் சொல்லை வேண்டுமென்றே விட்டேன். போட்டுவிட்டேன் என்று உங்களிடம் பொய்யும் சொன்னேன். கொலுசு பத்தரிடம் இருந்தது. பினாங்கில் உங்களுக்கு வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான். கொட்டகையில் உங்களைப் பார்த்தபோதும் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

லெட்சுமியின் பிரசவ சமயத்தில் நான் தாசேக் கெலுகோர் போய் உடன் இருப்பேன். இதனால் உங்களுக்குச் செய்தது சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

உங்களிடம் இருக்கும் இரண்டு தாளில் தேதி 21 என்று எண் போட்டதுதான் சரியானது. 9 என்று போட்டதில் அந்தச் சொல் இல்லை, அதை யாரிடமும் காட்டாதீர்கள். இதை வாசிக்கிறவரிடமே கொடுத்து இப்போதே கிழித்துப் போடச் சொல்லுங்கள். கிழித்தாயிற்று என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். என்னைத் திட்டி எழுதச் சொன்னாலும் சரிதான். பதில் சீக்கிரம் போடுங்கள்.