அத்தான் பெயரில் ஒரு துப்பாக்கி

லக்ஷ்மிபாய் நகர், டெல்லி
8.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். போன் சிக்னல்கூட இல்லாத அந்த மலைக்காவலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நீங்கள் ஒப்படைத்துப் போன துப்பாக்கிச் சண்டை கேம் கணக்கைப் போனில் தினமும் திறக்கிறேன். ரேங்க் இறங்காமல் சும்மா உள்ளே போய் வா, சுடாதே, பேசாதே என்றீர்கள். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தால் கை சும்மா இருக்கிறதா? சுட்டுவிட்டேன். ரேங்க் கிடுகிடுவென ஏறிவிட்டது. அங்கே சிக்னல் இல்லாதது தெரியாமல், நீங்களே மலையிலிருந்து ஆடுவதாக நினைத்து, எதிர்வீட்டு ஜெயசீலனும் உங்கள் டீமும் மெச்சுகிறார்கள்.

அன்புடன்,
ஜெனிஃபர்

27.8.2024

அன்பு ஜெனிக்கு,

மெச்சுகிறவர்களை ஏன் தடுக்க வேண்டும்? வாயைத் திறக்காதே. கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

உன்,
எலியேசர்

14.9.2024

அத்தானுக்கு,

நேற்று ஆட்டத்தில் ஜெயசீலன் பின்னால் எதிரி வந்ததால் மைக்கைத் திறந்து கத்திவிட்டேன். உடனே அவர், "அண்ணன் லீவுல வந்துட்டாரா மதினி? போனை அவர்ட்ட குடுங்க, மேட்ச் போயிரும்" என்கிறார். மேட்சை ஜெயித்துக் கொடுத்தேன். நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தீர்களாம். லீவில் வந்தும் முகம் காட்டவில்லையே என்று வருத்தம் வேறு.

சர்ச்சில் இதே கேமுக்கு வைக்கும் கிறிஸ்துமஸ் போட்டியில் என் பெயரில் ஆட எனக்கு ஆசை. டீமில் இடம் கேட்டால், பெண்களுக்கு மியூசிக்கல் சேர் இருக்கிறதே என்கிறார்கள். உண்மையை நீங்களே ஜெயசீலனுக்கு எழுதுங்கள். எழுதும்வரை உங்களோடு பேச்சில்லை.

ஜெ.

5.10.2024

அன்பு ஜெனிக்கு,

சுட்டதெல்லாம் நீதான், உன் அளவுக்கு எனக்கு ஆட வராது என்று ஜெயசீலனுக்கு எழுதிவிட்டேன். எழுத வலித்தது, பொய் சொல்வானேன். இனியாவது பேசு.

உன்,
எலியேசர்

2.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தோடு ஜெயசீலன் வந்தார். கண் கலங்கியிருந்தது. "பொண்டாட்டிய சந்தோசப்படுத்த மனுசன் எப்படில்லாம் எழுதுதாரு பாருங்க. நீங்க குடுத்து வச்சவங்க மதினி" என்றார். டீமே படித்து உருகி, கிறிஸ்துமஸ் போட்டிக்கு உங்களைக் கேப்டனாக்கிவிட்டது.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, பாஸ்டரிடம் சண்டை போட்டுப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரித் தோழி ஷ்வேதாவும் வார்டு நர்சுகள் இருவரும் என் டீம். முதல் ஆட்டமே உங்கள் டீமுக்கு எதிராகத்தான். கிறிஸ்துமஸ் லீவைத் தள்ளிப்போட நினைக்காதீர்கள், கேக்குக்குச் சொல்லியாயிற்று.

நீங்கள் எழுதியது எனக்குப் போதும், அத்தான். அவர்கள் நம்பாவிட்டால் போகட்டும்.

என்றும் உங்கள்,
ஜெனி

20.11.2024

என் ஜெனிக்கு,

லீவு கிடைத்துவிட்டது. கேப்டன் பதவியை ஏற்று, தோற்பதற்கென்றே வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஆட்டத்தில் என்னைச் சுடும் முன் ஜெயசீலனைச் சுடு. நான் எழுதியதை அப்போதாவது நம்புவான்.

உன்,
எலியேசர்