கவிதா கேட்ட கேள்வி

ஜூலை 9, புதன்

என் கல்லீரலில் புற்றுநோயாம். எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை. மத்தியானம் குற்றாலத்தில் எங்கள் கடையைத் திறந்துவிடலாம் என்றுதான் காலையில் கிளம்பினோம்.

திருநெல்வேலி டாக்டர் சொன்னதும் என் மனைவி செல்வி எழுந்தே விட்டாள். "இவங்க குடிக்கவே மாட்டாங்களே டாக்டர்!"

மஞ்சள்காமாலைக் கிருமி ரத்தத்தில் பல வருஷம் தங்கியும் இப்படிச் செய்யுமாம். ஈரல் கெட்டுவிட்டதால் அறுவை சிகிச்சை முடியாது. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து அதை வளரவிடாமல் பார்க்கலாம். அதோடு ஒரு புது மருந்தும் கொடுத்து ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்றார். புது மருந்து யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கல் மாதிரி முடிவு செய்யும். கிடைக்காதவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு.

தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

"வீட்ல எல்லாரும் ரத்தம் பாத்துருங்க. இந்தக் கிருமி ஒருத்தர்ட்டருந்து ஒருத்தருக்குப் பரவும்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. இலத்தூரில் மகள் கவிதா மாசமாக இருக்கிறாள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவளுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, மஞ்சள்காமாலைக்கு ரத்தம் பாத்தியா?"

"அதெல்லாம் மாசமானதுமே ஆஸ்பத்திரில பாத்துட்டாங்கப்பா. ஒண்ணுமில்ல."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றுமில்லை என்றான பிறகுதான் என்னைப் பற்றி யோசிக்க முடிந்தது; ஆராய்ச்சியில் சேர்ந்துவிடுவோம் என்று தோன்றியது. செல்விக்கு நாளைக்குத்தான் ரத்தம் பார்க்க வேண்டும்.

"எதுக்குப்பா திடீர்னு கேக்கீங்க?"

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. செல்வி போனை வாங்கினாள்.

"ஏட்டி, ராத்திரிக்கு எங்களுக்கும் சேத்து சோறு வை. அப்பாவும் நானும் இப்ப அங்கனதான் வாறோம்."